எஸ்எம்பிஎஸ் போனது, எஸ்எம்பியும் போனது: பழைய கணினிகளின் ஃபைல் ஷேரிங் எங்கே முறிகிறது?

ஒரு டிடிபி கடையில் இரண்டு கணினிகள். பழையதில் விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகை வடிவங்கள் எல்லாம் அதில்தான். புதியது விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு ஏற்றப்பட்டது. பிரிண்டரும் வாட்ஸ்அப்பும் மெயிலும் அங்கே. எக்ஸ்பியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து வைத்திருந்தார்கள். இந்தப் பக்கமிருந்து திறப்பார்கள், முடிந்த வேலையை எடுப்பார்கள், அச்சுக்கு அனுப்புவார்கள். நெடுநாள் ஓடிய ஏற்பாடு.

ஒரு நாள் எக்ஸ்பியின் எஸ்எம்பிஎஸ் புகைந்தது. அந்த மாடலுக்குப் பொருந்துவது கிடைக்க மூன்று வாரம் ஆனது. கணினி திரும்பி வந்தது, ஆன் ஆனது, பேஜ்மேக்கர் திறந்தது. ஷேர் மட்டும் வரவில்லை. கடைக்காரர் சர்வீஸ் தம்பியைப் பிடித்துக்கொண்டார்: "குடுக்கும்போது நல்லாத்தானேப்பா ஓடிட்டிருந்துச்சு? நீ எதையோ நோண்டியிருக்க." தம்பி சத்தியம் செய்யாத குறை. "அண்ணே, எஸ்எம்பிஎஸ் தவிர நான் எதையும் தொடலண்ணே."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எரிந்தது எஸ்எம்பிஎஸ், காணாமல் போனது எஸ்எம்பி. எழுதிப் பார்த்தால் கடைசி 'எஸ்' மட்டும்தான் வித்தியாசம். முதலாவது மின்சாரம் கொடுக்கும் பெட்டி. இரண்டாவது விண்டோஸ் கணினிகள் ஃபைல் பரிமாறிக்கொள்ளப் பேசும் மொழி. அந்த மொழி காணாமல் போனதும் எக்ஸ்பியிலிருந்து இல்லை, யாருமே கைவைக்காத புதிய கணினியிலிருந்து. அது எப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில், இந்த மாதிரிக் கோளாறில் எல்லாரும் ஏன் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பக்கத்து மேசைக் கணினியில் உள்ள ஒரு ஃபைல் நம் திரையில் திறக்க வேண்டுமென்றால் கம்பி சேர வேண்டும், முகவரி பொருந்த வேண்டும், பெயர் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே மொழி பேச வேண்டும், வருவது யார் என்பதை அந்தப் பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும், வந்தவருக்கு அந்த ஃபைலைத் தொடும் உரிமை இருக்க வேண்டும். ஆறு வாசல். எந்த வாசலில் தடுத்தாலும் எக்ஸ்பி காலத்து விண்டோஸ் ஏறத்தாழ ஒரே பாட்டைத்தான் பாடும்: அணுக முடியவில்லை, உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், நிர்வாகியைக் கேளுங்கள். இரண்டு கணினி உள்ள கடையில் நிர்வாகி யார்? திரைக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்தான். 'அனுமதி' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் ஃபோல்டரின் உரிமைகளை மாற்ற ஆரம்பிப்பார். கோளாறோ மூன்றாவது வாசலில் இருக்கும். ஆறாவது வாசலையும் கெடுத்து வைப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று. பழைய கணினிகளில் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. பக்கத்தில் இருக்கும் கணினியை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொரு விண்டோஸும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1995-ல் ஒரு கணக்கு, 2001-ல் ஒன்று, 2017-க்குப் பிறகு வேறொன்று. இரண்டு தலைமுறைக் கணினிகளை ஒரே கம்பியில் கட்டும்போது மோதுவது இந்தக் கணக்குகள்தான்.

கம்பியும் முகவரியும்

இது சலிப்பான பகுதி. ஆனால் இங்கேதான் நிறைய நேரம் மிச்சமாகும். நெட்வொர்க் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் அடித்து முகவரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரூட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கும் பழக்கம் அது. கேபிளையோ ரூட்டரையோ பார்க்க வேண்டும். ஷேரிங் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு முகவரி 192.168.0 என்றும் இன்னொன்று 192.168.1 என்றும் தொடங்கினால், அங்கே இரண்டு ரூட்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்று உட்கார்ந்திருக்கக்கூடும். இன்டர்நெட் கொடுத்தவர் வைத்த பெட்டி ஒன்று, வைஃபை சரியாக எட்டவில்லை என்று நாம் வாங்கி மாட்டிய பெட்டி இன்னொன்று. இரண்டு கணினியிலும் இன்டர்நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உள் ரூட்டரில் இருக்கும் கணினி வெளியே இருப்பதை எட்டும். வெளியே இருப்பது உள்ளே எட்டாது. ஒருவழிப் பாதை. இரண்டாவது பெட்டியை வெறும் அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக மாற்றினால் தீர்ந்துவிடும். வைஃபையில் 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் சேர்த்த லேப்டாப் மற்ற கணினிகளைப் பார்க்காததும் இதே கதைதான், ஆனால் அது வேண்டுமென்றே செய்யப்பட்ட தடுப்பு.

பழைய நெட்வொர்க் கார்டுகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு. பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் உடனே பதில், ஃபோல்டரும் திறக்கிறது, 40 எம்பி ஃபைலை இழுத்தால் மட்டும் எறும்பு ஊர்கிறது. கார்டின் அமைப்பில் யாரோ ஒருமுறை வேகத்தை '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் நிறுத்தியிருப்பார்கள். மறுமுனை 'ஆட்டோ'வில் இருக்கும். ஆட்டோவில் இருப்பது, எதிர்ப்பக்கம் பேரம் பேசவில்லை என்றால் 'ஹாஃப்' என்று முடிவு செய்துகொள்ளும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே கேட்கிறது. இன்னொரு பக்கம் ஒன்று பேசும் அல்லது கேட்கும். சின்னப் பேச்சு தப்பிவிடும், நீண்ட பேச்சு மோதி மோதிச் சிதறும். இரண்டு பக்கமும் ஆட்டோ என்று வைத்துவிடுங்கள்.

பிங் பற்றி ஒரு எச்சரிக்கை: பதில் வந்தால் வழி இருக்கிறது என்று நம்பலாம். வராவிட்டால் வழி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. புதிய விண்டோஸின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பெயரும் தேர்தலும்

நெட்வொர்க் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கணினியின் படம் தெரியவில்லை, ஆகவே இணைப்பு இல்லை என்று முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. அந்தப் படம் வருவதற்கும் ஃபைல் கிடைப்பதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

இதற்கு வேர் 1983-ல். ஐபிஎம்முக்காக சைடெக் என்ற நிறுவனம் நெட்பயாஸ் என்ற ஏற்பாட்டைச் செய்தது. அதில் கணினிக்கு 16 பைட்டில் ஒரு பெயர். கடைசி பைட் அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லப் போய்விடும். மிச்சம் 15. இன்றும் விண்டோஸ் கணினியின் நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்டாததன் காரணம் அதுதான். பெயரைக் கண்டுபிடிக்கும் முறை நம் தெருவில் நடப்பது போலத்தான்: "இன்னார் இருக்காரா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்துவது, உரியவர் "இங்கே" என்பது. சின்ன நெட்வொர்க்குக்கு இது போதும். ஆனால் ஒரே டிஸ்க்கை நகலெடுத்துப் பல கணினிகளில் விண்டோஸ் போட்ட இடங்களில் இரண்டு பேர் "இங்கே" என்பார்கள். பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை அப்படித்தான் வரும்.

எல்லாரும் எப்போதும் கத்திக்கொண்டே இருக்க முடியாது என்பதால், பட்டியல் வைத்துக்கொள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரே தேர்தல். ஒவ்வொரு வொர்க்குரூப்பிலும், அதாவது ஒரே குழுப் பெயர் வைத்த கணினிகளின் கூட்டத்திலும், கணினிகள் தங்களுக்குள் போட்டியிடும். விண்டோஸின் பதிப்பு, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பவை பார்க்கப்பட்டு ஒன்று தலைவராகும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று தகவல் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லத் தவறினால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். ஆக, அணைத்துவிட்ட கணினி அரைமணி நேரத்துக்கு மேலும் பட்டியலில் உயிரோடு இருக்கலாம்; இப்போதுதான் ஆன் செய்தது தென்படாமல் இருக்கலாம். தலைவராக இருந்த லேப்டாப்பை யாராவது மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கொஞ்ச நேரம் ஆட்சியே இருக்காது. எக்ஸ்பி ஹோம் பதிப்பு 'எம்எஸ்ஹோம்' என்ற வொர்க்குரூப்பிலும் புரொஃபெஷனல் பதிப்பு 'வொர்க்குரூப்' என்ற பெயரிலேயே இன்னொன்றிலும் பிறக்கும் என்பது இந்தக் குழப்பத்துக்கு மேல் வைத்த பொட்டு.

விண்டோஸ் 10-ல் இந்தப் பட்டியல் முறை பழைய எஸ்எம்பியோடு சேர்ந்தே போய்விட்டது. அதன் நெட்வொர்க் ஜன்னல் வேறொரு புதிய முறையில் தேடுகிறது. எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. எனவே எக்ஸ்பியின் படம் அங்கே வராது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது.

ஆகவே படத்தைத் தேடாதீர்கள். ரன் ஜன்னலில் \\192.168.1.20 என்று, அந்தக் கணினியின் எண் முகவரியையே அடியுங்கள். பெயர் என்ற வாசலை அது முழுக்கத் தாண்டிவிடும். எண்ணில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் கோளாறு எந்த வாசலில் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். முகவரி மாறாமலிருக்க, எக்ஸ்பியில் அதைக் கையால் நிலையாக வைத்துவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் பழைய கணினி உள்ள இடங்களில் பெயரை நம்பவே கூடாது.

எண்ணிலும் திறக்கவில்லை என்றால், ஜன்னலை விட்டுவிட்டு கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் கட்டளையால் அதே ஷேரை இணைத்துப் பாருங்கள். அது பிழையின் எண்ணைச் சொல்லும். 53 என்றால் முதல் மூன்று வாசல், அல்லது ஃபயர்வால். 64 என்றால் கை கொடுத்த பிறகு பேச்சு முறிந்திருக்கிறது, மொழியைச் சந்தேகிக்கலாம். 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 5 என்றால் உள்ளே வந்தாயிற்று, இந்தப் பொருளைத் தொட உரிமை இல்லை. ஜன்னலில் வரும் 80070035 என்ற பூதாகாரமான எண்ணும் வேறு எதுவும் இல்லை. கடைசி 35 பதினாறடிமானத்தில் எழுதப்பட்டது, நம் கணக்கில் அது 53.

ஒரே மொழி, வேறு வேறு வழக்கு

எஸ்எம்பி 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. இரண்டு கணினிகள் எஸ்எம்பி பேச ஆரம்பிக்கும்போது முதலில் நடப்பது ஒரு பேரம்: தனக்குத் தெரிந்த வழக்குகளின் பட்டியலை ஒன்று நீட்டும், மற்றது அதில் தனக்குத் தெரிந்த நல்லதைத் தேர்ந்தெடுக்கும். 'வழக்கு' என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நெல்லை வழக்கு, கொங்கு வழக்கு என்று நாம் சொல்லும் அதே பொருள் தரும் சொல்லைத்தான் அந்த நெறிமுறையின் ஆவணமும் வைத்திருக்கிறது. எக்ஸ்பிக்குத் தெரிந்த உச்சபட்ச வழக்கின் பெயர் 'என்டி எல்எம் 0.12'. ஒன்றாம் பதிப்பைக்கூட எட்டாத எண்ணோடு அது உலகத்து அலுவலகங்களை வருடக்கணக்கில் ஓட்டியது.

இந்த மொழிக்கு வெளியாட்களுக்குக் கிடைக்கும்படி இலக்கணப் புத்தகம் ஏதும் இல்லாத காலத்தில், ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் கம்பியில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டே அதைக் கற்றார். 1992 தொடக்கத்தில் முதல் நிரலை வெளியிட்டார். அதுதான் பிறகு சாம்பா. எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர். லினக்ஸ் பெட்டியும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கும் விண்டோஸோடு பேசுவதற்கு அடிப்படை அந்த ஒட்டுக்கேட்பு. கடைசியில் இந்தக் கட்டுரைக்கும் அது உதவும்.

விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தது. நூற்றுக்கு மேல் இருந்த கட்டளைகள் 19 ஆகச் சுருங்கின. விண்டோஸ் 7-ல் 2.1, விண்டோஸ் 8-ல் 3.0, விண்டோஸ் 10-ல் 3.1.1. பழைய 1 என்பதும் கூடவே வந்துகொண்டிருந்ததால் எக்ஸ்பி யாரோடும் பேச முடிந்தது. யாரும் கவலைப்படவில்லை.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை ஒன்றை அடைத்தது. அடுத்த மாதம், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கியதாகச் சொல்லப்படும் இட்டர்னல்புளூ என்ற கருவி வெளியே கசிந்தது. அது நுழைந்தது அதே ஓட்டை வழியாகத்தான். மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற வைரஸ் அதைப் பயன்படுத்திக் கிளம்பியது. மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஓட்டை அடைக்கப்படாத எஸ்எம்பி 1 சர்வர் (ஃபைலைக் கொடுக்கும் பக்கம்) கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலிலேயே கைகழுவிய எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் மறுநாளே ஓட்டையை அடைக்கும் ஒட்டு வெளியிட்டது. எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் வான்னாகிரையில் விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. எக்ஸ்பியில் அந்தத் தாக்குதல் பல நேரம் கணினியை நீலத்திரைக்குத் தள்ளியதோடு நின்றுவிட்டது. நோய் வரும் முன்பே மயங்கி விழுந்து தப்பித்த கதை.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும்போது எஸ்எம்பி 1 முழுதாகச் சேர்க்கப்படுவதில்லை. ஏற்கெனவே இருந்த கணினியை மேலேற்றினால் அது கூடவே வரும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஹோம், புரோ பதிப்புகளில், கணினி ஓடிய நேரத்தில் மொத்தம் 15 நாள் யாரும் எஸ்எம்பி 1-ஐப் பயன்படுத்தவில்லை என்றால் விண்டோஸே அதை எடுத்துவிடும். கேள்வி கேட்காது.

நம் கடையில் நடந்தது இதுதான். எக்ஸ்பி மூன்று வாரம் சர்வீஸில் இருந்தது. புதிய கணினி தினமும் ஓடியது. பழைய வழக்கில் பேச ஆள் இல்லாத 15 நாள் கழிந்ததும் அது அந்த வழக்கையே மறந்துவிட்டது. தம்பி எஸ்எம்பிஎஸ்ஸைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பார்த்தே இராத கணினியில் கோளாறு உருவானது.

யார் வருவது

மொழி பொருந்திய பிறகு அடையாளம். இங்கே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் எந்தக் கணினியின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கப்படுகிறது என்று தெரியாததுதான். ஃபைல் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுச் சாவிதான் வேண்டும். நம் கணினியில் நாம் தினமும் அடிக்கும் பாஸ்வேர்டு அங்கே செல்லாது, அதே பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயும் இருந்தால் தவிர.

வீட்டுக் கணினிகளில் பாஸ்வேர்டே வைக்காமல் விடுவது நம் ஊர் வழக்கம். எக்ஸ்பியிலிருந்து ஒரு விதி உண்டு: காலிப் பாஸ்வேர்டு கணக்கில் நேரே உட்கார்ந்து நுழையலாம், நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. நல்ல விதி. "பாஸ்வேர்டு இல்லை, காலியாக விட்டு என்டர் தட்டினேன், வரவில்லை" என்பவர்களுக்கு மருந்து, அந்தக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைப்பதுதான். விண்டோஸ் 10-ல் நான்கு இலக்கப் பின் எண்ணை மட்டும் பழகியவர்களுக்கு வேறொரு பொறி. பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும்; நெட்வொர்க்கில் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும், அதைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். ஷேரிங்குக்கென்று தனியாக ஒரு லோக்கல் கணக்கு திறந்து, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொள்வதைவிடச் சுலபமான வழியை நான் பார்க்கவில்லை.

எக்ஸ்பி தன் பங்குக்கு 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அது ஆனில் இருக்கும்வரை யார் என்ன பெயர் சொல்லி வந்தாலும் 'கெஸ்ட்' என்றே எடுத்துக்கொள்ளும். ஹோம் பதிப்பில் அதை அணைக்கவே முடியாது. இந்தப் பக்கம் புதிய விண்டோஸ்களோ, விருந்தாளியாக உள்ளே விடும் சர்வரோடு பேசவே மறுக்கும் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன; விண்டோஸ் 11-ன் 24எச்2 என்ற வெளியீட்டில் புரோ பதிப்பிலும் அது மறுக்கப்படுகிறது. எனவே புரொஃபெஷனல் எக்ஸ்பி என்றால் சிம்பிள் ஷேரிங்கை அணைத்து, பெயரும் பாஸ்வேர்டும் உள்ள கணக்கைத் திறப்பதே நீடிக்கும்.

பாஸ்வேர்டு சரி, எழுத்துப் பிழை இல்லை, ஆனாலும் நுழைய முடியவில்லை என்றால் அதை அனுப்பும் முறையைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 98 அனுப்புவது எல்எம் என்ற மிகப் பழைய வடிவம். பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தாக்கி, 14 எழுத்தில் வெட்டி, ஏழேழாகப் பிரிக்கும். உடைப்பவனுக்குக் கரும்பைக் கணுக்கணுவாக நறுக்கிக் கொடுத்த மாதிரி. விஸ்டாவிலிருந்து அந்த வடிவத்தை விண்டோஸ் சேமித்து வைப்பதே இல்லை. எதிரில் ஒப்பிட எதுவும் இல்லாதபோது சரியான பாஸ்வேர்டும் தவறுதான். எக்ஸ்பியும் இயல்பில் பழைய வடிவங்களைத்தான் அனுப்பும். ஆனால் அதன் பாதுகாப்பு அமைப்பில் என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பை மட்டும் அனுப்பு என்று மாற்ற முடியும். புதிய கணினியைத் தளர்த்துவதைவிட எக்ஸ்பியை இறுக்குவதே முறை. இந்த இரண்டாம் பதிப்பில் நேரமும் கலந்திருக்கும். மதர்போர்டின் வட்ட பேட்டரி செத்து, தேதி 2002-க்குப் போய்விட்ட கணினியில் அதனாலேயே நுழைவு மறுக்கப்படலாம். மறுக்காவிட்டாலும், எது புதிய ஃபைல் என்பதே தலைகீழாகி, நல்ல ஃபைலின் மேல் பழையது ஏறிவிடும். பேட்டரி விலை ஒரு டீ, வடைக்குச் சற்று மேல்.

உரிமை என்ற ஆறாவது வாசலில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஷேருக்கு ஒரு பூட்டு, என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கு இன்னொரு பூட்டு; இரண்டில் எது கறாரோ அது வெல்லும். ஃபோல்டர் திறக்கிறது, அதில் ஒரு ஃபைல் மட்டும் மறுக்கிறது என்றால், அந்த ஃபைல் வேறிடத்திலிருந்து கட் செய்து போடப்பட்டதா என்று கேளுங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்திய ஃபைல் பழைய வீட்டுப் பூட்டோடே வந்திருக்கும். காப்பி செய்தது புது வீட்டுப் பூட்டை வாங்கிக்கொள்ளும்.

இந்த ஆறிலும் அடங்காத சில விசித்திரங்கள் உண்டு. ஆன்ட்டிவைரஸ் போட்ட மறுநாளிலிருந்து "சர்வரில் போதிய சேமிப்பிடம் இல்லை" என்று எக்ஸ்பி சொல்லும். டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும். டிஸ்க்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஐஆர்பி ஸ்டாக் சைஸ் என்ற ரிஜிஸ்ட்ரி மதிப்பு இயல்பில் 15; ஆன்ட்டிவைரஸ் தன் அடுக்கை இடையில் செருகியதும் அது போதாமல் போகிறது. கொஞ்சம் கூட்டி ரீஸ்டார்ட் செய்தால் சரி. ஆறாவது கணினி சேர்ந்ததும் எக்ஸ்பி ஹோம் கதவைச் சாத்துவது கோளாறு இல்லை, உரிம வரம்பு: ஹோமுக்கு 5 இணைப்பு, புரொஃபெஷனலுக்கு 10. மேப் செய்த டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிவதும் கோளாறு இல்லை. 15 நிமிடம் பேச்சில்லாவிட்டால் சர்வர் தொடர்பைத் துண்டிக்கும். கிளிக் செய்தால் தானாகச் சேரும்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள்

இது வேறு மொழிக் கையேடுகளில் கிடைக்காத சங்கதி. விண்டோஸில் தமிழுக்கென்று சிஸ்டம் அளவில் 8 பிட் கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய அட்டவணை) எப்போதும் இருந்ததில்லை. 2000-ல் தமிழ் உள்ளே வந்தபோதே யூனிகோடாக மட்டும்தான் வந்தது. விண்டோஸ் 98 நெட்வொர்க்கில் யூனிகோடு பேசாது. அதனால் புதிய கணினியில் தமிழில் பெயரிட்ட ஃபைல் 98-ல் படிக்கத்தக்க எந்த வடிவத்திலும் தெரிய வழியே இல்லை. எக்ஸ்பிக்குத் தெரியும், ஆனால் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவைச் சேர்க்காவிட்டால் பெட்டி பெட்டியாகக் காட்டும். பெட்டியாகத் தெரிந்தாலும் ஃபைல் திறக்கும், பயப்பட வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்துப் பெயர் வைத்தவை தலைகீழ்: எல்லாக் கணினியிலும் திறக்கும், எங்கேயும் படிக்க முடியாது.

நீளமும் ஒரு சிக்கல். ஃபோல்டர் பாதை முழுவதுக்கும் பழைய விண்டோஸ் வைத்திருக்கும் எல்லை 260 எழுத்து. 'கல்யாணம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு எட்டு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக மணமக்கள் பெயரை நீளமாக எழுதி வைத்திருப்பவர்கள், காப்பி பாதியில் நிற்பதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். பரிமாற்ற ஃபோல்டரில் மட்டுமாவது குட்டையான ஆங்கிலப் பெயரும் தேதியும் வைப்பது உத்தமம். ஷேரின் பெயர் 12 எழுத்துக்குள் இருந்தால் 98-க்கும் தெரியும்.

எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடலாமா

இதற்கு இரண்டு விதமான பதில்கள்தான் வழக்கமாகக் கிடைக்கின்றன. ஒரு சாரார் "டிக் போடு, வேலை முடிந்தது" என்பார்கள். இன்னொரு சாரார் "எக்ஸ்பியைத் தூக்கி எறி" என்பார்கள். எறியச் சொல்பவருக்கு அந்தக் கணினியில் பேரலல் போர்ட்டில் மாட்டிய டாங்கிளும் (மென்பொருளின் உரிமச் சாவி), வேறெதிலும் ஓடாத கட்டிங் பிளாட்டரும், எடைமேடைக்கான நிரலும் இருப்பது தெரியாது. டிக் போடச் சொல்பவர் எந்த டிக் என்று பார்ப்பதில்லை.

விண்டோஸ் 10-ன் அம்சங்கள் பட்டியலில் எஸ்எம்பி 1-க்குக் கீழே மூன்று கட்டங்கள் இருக்கும்: கிளையன்ட் (ஃபைலைக் கேட்கும் பக்கம்), சர்வர், தானாக நீக்குதல். தாய்க் கட்டத்தில் டிக் போட்டால் மூன்றும் விழும். இட்டர்னல்புளூ தாக்கியது சர்வரை. புதிய கணினி எக்ஸ்பியிடம் போய் ஃபைலை எடுப்பதென்றால் அதற்கு வேண்டியது கிளையன்ட் மட்டும். எக்ஸ்பி வந்து புதிய கணினியில் எடுப்பதென்றால்தான் சர்வர் வேண்டும். ஆகவே திசையைத் தேர்ந்தெடுங்கள்: ஷேர் எப்போதும் பழைய கணினியில் இருக்கட்டும், எடுப்பதும் போடுவதும் புதிய கணினியிலிருந்து நடக்கட்டும். சர்வர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கிளையன்ட்டிலும் ஆபத்து பூஜ்யம் இல்லை, ஆனால் வாசலைத் திறந்து போட்டுத் தூங்குவது போன்றது இல்லை.

கூடவே எக்ஸ்பியின் முகவரி அமைப்பில் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பக்கத்துக் கணினிகளோடு பேசும், இன்டர்நெட்டுக்குப் போகத் தெரியாது. அந்த வயதில் அதற்கு இன்டர்நெட் தேவையும் இல்லை.

கொஞ்சம் உழைப்பு போட முடியுமென்றால், இதைவிட நல்ல வழி நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி. மூலையில் கிடக்கும் ஏதாவது ஒன்று போதும். சாம்பா 2019-ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ இயல்பில் அணைத்தே வைத்திருக்கிறது. அதன் குறைந்தபட்ச மொழி அமைப்பை என்டி1 என்று மாற்றினால், ஒரே ஃபோல்டரை எக்ஸ்பிக்குப் பழைய வழக்கிலும் விண்டோஸ் 11-க்குப் புதிய வழக்கிலும் கொடுக்கும். புதிய கணினியில் எதையும் தளர்த்த வேண்டாம். பழைய மொழியின் ஆபத்து ஒரே பெட்டியோடு நிற்கும், அந்தப் பெட்டி விண்டோஸும் இல்லை. விண்டோஸ் 98 இன்னும் ஓடும் இடங்களில் எஸ்எம்பியை மறந்துவிட்டு எஃப்டிபி என்ற வேறொரு ஃபைல் பரிமாற்ற முறைக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு ஃபைல்தான் நகர்கிறது என்றால் பென் டிரைவுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

டிடிபி கடைக்கு லினக்ஸ் பெட்டி என்ற பேச்சே எடுபடவில்லை. நெட்வொர்க் ஜன்னலில் படத்தைத் தேடுவதை நிறுத்தி, ரன்னில் எண் முகவரியை அடித்தபோது, இந்த ஷேர் காலாவதியான எஸ்எம்பி 1-ஐக் கேட்கிறது, பாதுகாப்பில்லை என்று விண்டோஸ் 10 முதல்முறையாக உண்மையைச் சொன்னது. அதுவரை யாரும் அந்தக் கேள்வியை அதனிடம் கேட்கவே இல்லை. கிளையன்ட்டில் மட்டும் டிக், சர்வர் காலி, தானாக நீக்குதல் காலி, ரீஸ்டார்ட். ஃபோல்டர் திறந்தது. முதல் வேலையாக அதை முழுக்கப் புதிய கணினிக்கு இழுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் மாறியதே தவிர ஹார்ட் டிஸ்க் அதே பழையதுதான். எக்ஸ்பி கேபினட்டின் முன்பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. தம்பி மார்க்கரில் எழுதி ஒட்டியது: 192.168.1.20.